வீட்டுக்குள் காலைத் தூக்கும் நாய்

(வடக்கனந்தலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கல்வராயன் மலையடிவாரத்து ஊர் இது. கோமுகி அணையின் தண்ணீர் பாயும் ஊர். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் பூமி. காவலுக்கு ஒரு நாய் இல்லாத களத்துமேட்டை இந்தப் பக்கம் பார்ப்பது அரிது. அப்படிப்பட்ட ஊரில், பலரும் பேசக் கூசுகிற ஒரு பொருளை நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள் காலைத் தூக்கிவிடும் நாயை என்ன செய்வது? கேட்கச் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் எத்தனை நாய்கள் இதற்காக அடிபடுகின்றன? எத்தனை நாய்கள் இதற்காகவே வாழ்நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கின்றன? எத்தனை நாய்களை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றி, ஊர் எல்லை தாண்டி இறக்கிவிட்டு வருகிறார்கள்? இத்தனைக்கும் காரணம் ஒரு தவறான எண்ணம். நாய் திமிரெடுத்துச் செய்கிறது, நம்மேல் உள்ள கோபத்தில் செய்கிறது என்று நினைக்கிறோம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: நாய் வேறொரு வாசனைக்குப் பதில் சொல்கிறது. அந்த வாசனை வீட்டுக்குள் வரும் வரைக்கும், அது கிளப்பும் பதட்டம் நாயின் உள்ளே இருக்கும் வரைக்கும், அடி எதையும் மாற்றாது.

முதலில் எந்த மூத்திரம் எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். தரையில் குளம்போலத் தேங்கிக் கிடந்தால் அது மூத்திரப்பை நிறைந்ததால் விட்டது. வெளியே போகப் பழகாத குட்டி அப்படி விடும். நேரத்துக்குக் கதவைத் திறந்துவிடாவிட்டால் வளர்ந்த நாயும் விடும். தூங்கும் இடமே நனைந்திருந்தால், அது தெரியாமல் கசிந்தது. வயதான நாய்க்கும், கருப்பை எடுத்த பெண் நாய்க்கும் அப்படி வருவதுண்டு. நீங்கள் உள்ளே நுழைந்ததும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு விட்டால், அது பயத்தில் விட்டது; அதை அதட்டினால் அடுத்த நாள் இன்னும் கூடுதலாக விடும். நான் பேசப்போவது இவை எதையும் அல்ல. சுவரின் ஓரத்தில், பீரோவின் காலில், தொங்கும் திரைச்சீலையின் நுனியில், ஒரு சாண் அல்லது ஒரு முழ உயரத்தில், நாலைந்து சொட்டு மட்டும் தெறித்திருக்கிறதே, அதைத்தான் பேசுகிறேன். முதலில் மோந்து பார்க்கும், ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு காலைத் தூக்கும். பெரும்பாலும் ஆண் நாய், ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தொடங்கும். பெண் நாயும் செய்யும், பருவத்துக்கு வரும் நாட்களில் கூடுதலாகவே செய்யும். மூத்திரம் முட்டிக்கொண்டு வந்து விடுவது வேறு, சொல்வதற்கென்றே கொஞ்சம் மிச்சம் வைத்திருந்து விடுவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் எந்த வைத்தியமும் பலிக்காது.

என்ன சொல்கிறது நாய்? நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை இருபது, முப்பது கோடி. அது போதாதென்று, வாயின் மேலண்ணத்தில் தனியாக ஒரு மோப்ப உறுப்பும் அதற்கு உண்டு. ஒரு சொட்டு மூத்திரத்திலிருந்து, விட்டது ஆணா பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா, எவ்வளவு நேரத்துக்கு முன் வந்துபோனது என்பதையெல்லாம் அது தெரிந்துகொள்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மார்க் பெக்காஃப் என்ற விலங்கியல் அறிஞர், ஐந்து குளிர்காலம் தம் நாய் ஜெத்ரோவோடு நடந்தார். மூத்திரம் பட்ட பனியைக் கையுறை போட்ட கையால் அள்ளி வேறு வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். தன்னுடையதை ஜெத்ரோ சீக்கிரம் விட்டுவிட்டு நகர்ந்தது. மற்ற நாய்களுடையதை நின்று நிதானமாக மோந்தது. 2001இல் அவர் இதை எழுதினார். வேறு இரண்டு ஆய்வாளர்கள், லிஸ்பெர்க்கும் ஸ்னோடனும், ஒரு நாய் விட்ட இடத்தின் மேலேயோ பக்கத்திலேயோ இன்னொன்று வந்து விடுவதை ஆண், பெண் இரண்டிலும் பதிவு செய்தார்கள். தேர்தல் நேரத்தில் நம் ஊர்ச் சுவரைப் பாருங்கள், ஒருவர் ஒட்டிய போஸ்டர் மேல் இன்னொருவர் ஒட்டிவிட்டுப் போவார், விடிவதற்குள் மூன்றாமவர் வந்திருப்பார். அப்படித்தான் நடக்கிறது இங்கேயும். 1975இல் மினசோட்டாக் காட்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய பீட்டர்ஸும் மெக்கும் கண்டதும் இதையே உறுதிப்படுத்துகிறது: கூட்டத்தின் எல்லையோரம் வாசனைக் குறிகள் நெருக்கமாக இருந்தன, நடுப்பகுதியில் குறைவாக இருந்தன. எங்கே மாற்றான் வரக்கூடுமோ, அங்கே அடையாளம் அதிகம்.

நாயின் எல்லைக்காவலுக்கு நம் முன்னோர் கல் நட்டு மரியாதை செய்தவர்கள். இந்த மலைக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல், அதாவது ஏழாம் நூற்றாண்டு. தொறுப்பூசலில், அதாவது மாட்டுமந்தைச் சண்டையில், இறந்துபட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரன் அதில் நிற்கிறான். அவன் பக்கத்தில் ஒரு நாய். அந்த நாய்க்குப் பேர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயின் பேரையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்து மனிதன் அதை எப்படி மதித்திருப்பான்! களத்தில் கள்ளனைப் பிடித்தால் கோவிவன். அதே காவல் குணத்தை நம் முன்ரூமில் நாலு சொட்டில் காட்டினால் தடியடி. எல்லையைக் கவனி என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவர்கள் நாம்தான். அந்தக் குணத்தை ஒரேயடியாக நாயிடமிருந்து பிடுங்கி எடுக்க முடியாது. ஆனால் எல்லை எது, வீட்டுக்குள் அபாயம் இல்லை என்பதை அதற்குப் புரியவைக்க முடியும்.

முன்பு இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு கண்ணில் படவில்லை? முன்பு நாய் வீட்டுக்குள்ளேயே இல்லை. திண்ணையோரம், மாட்டுக்கொட்டகை, கொல்லைப்புறம், களம் இவைதான் அதன் இடம். வேலியில் காலைத் தூக்கினால் கேட்பார் யார்? இன்றைக்கு மெத்தை வீடு, காம்பவுண்டுச் சுவர், கிரில் கேட். பொமரேனியனும் லாப்ரடாரும் மட்டுமல்ல, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்கூட வரவேற்பறைக்குள் வந்துவிட்டன. நாய் உள்ளே வந்தது. அதோடு ஊரும் உள்ளே வருகிறது, அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே பகல் முழுக்க ஒரு பைக் நிற்கிறது என்று வையுங்கள். நிற்கிற டயர் தெருநாய்க்குப் பிடித்தமான இடம். ஒன்று வந்து காலைத் தூக்கும், அடுத்தது அதை மோந்துவிட்டு அதன்மேலேயே தூக்கும். சாயந்திரம் அதே பைக் வீடு திரும்புகிறது. திருட்டுப் பயத்தில் ராத்திரி அதைத் தள்ளிக்கொண்டுவந்து ஹாலுக்குள் நிறுத்துகிறோம். வீட்டு நாய்க்கு என்ன தெரிகிறது? நாலைந்து வேற்று நாய்கள் நடுவீட்டில் வந்து நிற்பதாகத் தெரிகிறது. அதுவும் காலைத் தூக்குகிறது. நாம் அடிக்கிறோம். மறுநாள் பைக் மறுபடி போகிறது, புது வாசனையோடு மறுபடி வருகிறது. கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வீட்டு அடுப்படியிலும் வாசலிலும் நின்றுவிட்டு நம் வீட்டுக்கு வருகிறது; அதன் அடிவளையம் நாயின் மூக்குக்குச் சரியான உயரம். சந்தையில் தரையில் கிடந்த வெங்காய மூட்டை, விருந்தாளி கொண்டுவந்து மூலையில் வைத்த பை, பழைய சாமான் கடையில் வாங்கின நாற்காலி எல்லாமே அப்படித்தான். நாய் எந்தச் சாமானில் காலைத் தூக்குகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் வெளியே போய்வந்தது, புதிதாய் வந்தது, இல்லையென்றால் வாசலுக்கும் சன்னலுக்கும் பக்கத்தில் இருப்பது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். "அதுக்குத் தெரியாமலா செய்யுது? நான் உள்ளே வந்ததும் மூஞ்சியைத் தொங்கப்போட்டு, காதை மடக்கி, கட்டிலுக்கடியில் போய் ஒளியுதே! தப்பு செஞ்ச முகம் அது இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர். 2009இல் வெளியான அவருடைய ஆய்வில் 14 நாய்கள். தின்னாதே என்று தின்பண்டத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு எசமானர் வெளியே போவார். சில நேரம் நாய் தின்றது. சில நேரம் தின்னவே இல்லை, ஆனால் தின்றுவிட்டது என்று எசமானரிடம் சொல்லப்பட்டது. உள்ளே வந்தவர் அதட்டினார். முகம் தொங்கியது எப்போது? தப்பு செய்தபோதா? இல்லை, அதட்டு விழுந்தபோது. தின்னாத நாயும் அதே முகத்தைக் காட்டியது. நாம் குற்ற உணர்வு என்று படிப்பது, நம் குரலையும் நடையையும் கண்டு நாய் காட்டும் பயம். காலையில் விட்ட மூத்திரத்துக்குச் சாயந்திரம் அடித்தால், அடிக்கும் மூத்திரத்துக்கும் முடிச்சுப் போட அதற்கு வழியே இல்லை. செய்த கணத்துக்கும் பலனுக்கும் இடையே ஓரிரு நொடிதான் அவகாசம். மூத்திரத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பது நம் பக்கம் இன்னும் இருக்கிற கொடுமை. அதனால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: மனிதர் கண்ணெதிரே செய்யக் கூடாது. பிறகு பீரோவுக்குப் பின்னால் செய்யும், சோபாவுக்கு அடியில் செய்யும், நமக்கு வாசனை எட்டும்போது நாலு நாள் ஆகியிருக்கும். பயம் கூடினால் குறியிடுவதும் கூடும். அப்படியானால் அடி மருந்தா, நோயா?

சரி, மருந்து எது? முதல் மருந்து தரையில் இருக்கிறது. மூத்திரம் விட்ட இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? பினாயில் ஊற்றுகிறோம். பைன் மர வாசனை நம் மூக்கை நிறைத்துவிடுகிறது, சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். நாயின் மூக்கு அந்த வாசனைக்கு அடியில் இருப்பதையும் தனியாகப் பிரித்தறியும். மேலும் பினாயில் ஈரத்தில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் நாய்க்கு அது நஞ்சு. பூனைக்கு இன்னும் மோசம். மூத்திரத்திலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகும். ஆகவே அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் போட்டுத் துடைத்தால், இன்னொரு நாய் வந்துபோன இடம் என்று நாமே எழுதி வைத்த மாதிரி ஆகிவிடும். பிளீச்சிங் பவுடர் தூவுவோர் கவனிக்கவேண்டும்: பிளீச்சிங்கும் அம்மோனியாவும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். என்ன செய்யலாம்? ஈரத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். நல்ல தண்ணீர் விட்டு இருமுறை துடையுங்கள். நொதி கலந்த சலவைத்தூள் கடையில் கிடைக்கிறது, அல்லது இதற்கென்றே விற்கும் நொதித் திரவம் கிடைக்கிறது. அதைக் கரைத்து ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். நாற்றத்துக்குக் காரணமான பொருளையே நொதி சிதைக்கும். பிறகு கழுவி உலர விடுங்கள். சிமெண்டுத் தரையும், பூசாத செங்கல் சுவரும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். டைல்ஸ் போட்ட வீட்டில் ஒருமுறை செய்வதை அங்கே மூன்று முறை செய்யவேண்டும். கேட்டுக் கம்பியையும் வாசல் தூணையும் வெளிப்புறமும் கழுவுங்கள், தெருநாயின் சேதி அங்கேதான் எழுதப்படுகிறது. பைக் டயருக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே ஏற்றுங்கள். செருப்பை வாசலிலேயே விடும் வழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அது இதற்கும் உதவுகிறது. இன்னொன்றைத் தாய்மார்கள் மனத்தில் வைக்கவேண்டும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ், தொற்றுள்ள விலங்கின் மூத்திரம் வழியாகப் பரவும். நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வெறுங்கையால் துடைக்கக் கூடாது. ஆண்டுதோறும் நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது மருந்து நேரம். காசு கேட்காத மருந்து, ஆனால் பலருக்கும் கொடுக்க மனம் வராத மருந்து. காலையில் வெளியே கூட்டிப்போனால் நாயை இழுத்துக்கொண்டு ஓடக் கூடாது. நிற்கவிடுங்கள், மோக்கவிடுங்கள், நாலு இடத்தில் காலைத் தூக்கவிடுங்கள். அது சொல்லவேண்டியதையெல்லாம் வரப்பிலும் வேலியிலும் சொல்லித் தீர்க்கட்டும். வெளியே விட்ட மறுகணமே ஒரு நல்ல வார்த்தை, ஒரு சின்னத் துண்டு கருவாடு. வீட்டுக்கு வந்தபிறகு கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்குள் சில வாரம் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். ஒரு மூலையை மோந்து சுற்றத் தொடங்கினால், கத்தாமல் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வெளியே கூட்டிப்போங்கள். திரும்பத் திரும்ப விடும் மூலையைச் சுத்தம் செய்துவிட்டு, அங்கேயே சோற்றுத் தட்டையோ படுக்கைச் சாக்கையோ போட்டுப் பாருங்கள். தின்னும், தூங்கும் இடத்தில் பெரும்பாலான நாய்கள் விடுவதில்லை. வீட்டில் கைக்குழந்தை வந்தாலும், கல்யாணமாகிப் புது ஆள் வந்தாலும், வீடு மாறினாலும் நாயின் உலகம் ஆட்டம் காணும். அந்த நாட்களில் அதன் சோறும் நடையும் ஒரு மணிநேரம்கூடத் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசி முதல் மார்கழி வரை தெருவில் நாய்கள் கூட்டமாகத் திரியும் காலத்தில், தெருப்பக்கச் சன்னலின் கீழ்க்கதவைச் சாத்திவைத்தாலே பாதி பரபரப்பு அடங்கும்.

மூன்றாவது, கருத்தடை. இங்கே எதிர்ப்பு பலமாக வரும். "வாயில்லாச் சீவனுக்கு அது பாவம்" என்பார் ஒருவர். "நாய் மந்தமாகிவிடும், காவல் காக்காது" என்பார் இன்னொருவர். இரண்டையும் மதித்தே பதில் சொல்கிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைக் கல்லூரியில் ஹார்ட்டும் அவர் கூட்டத்தாரும் 1976இல் 42 ஆண் நாய்களை வைத்து எழுதினார்கள். விதை நீக்கியபின் ஏறத்தாழப் பாதி நாய்களில் வீட்டுக்குள் குறியிடுவது குறைந்தது. 1997இல் அதே இடத்தில் 57 நாய்களைப் பார்த்தபோது, 60 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பழக்கம் பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. 25 முதல் 40 சதவீத நாய்களில் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. வயதான நாய்க்குச் செய்து என்ன பயன் என்ற பேச்சையும் அந்த ஆய்வு ஆதரிக்கவில்லை. வயதால் பலன் மாறவில்லை. ஆனால் இந்த எண்களை நேர்மையாகப் படிக்கவேண்டும். எல்லா நாயும் திருந்தவில்லை. அறுவை சிகிச்சை ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தரையில் வாசனை இருக்கும் வரை பழகிய கால் தூக்கத்தான் செய்யும். காவல் போய்விடுமா? பெண் நாய் காவல் காக்கவில்லையா? குரைப்பும் விசுவாசமும் ஆண் சுரப்பியில் மட்டும் இருப்பவையா? பாவம் என்பாருக்கு நான் கேட்பது இது: யாரும் வேண்டாத எட்டுக் குட்டிகள் சாலையோரத்தில் பிறந்து லாரிச் சக்கரத்தில் மடிவது எந்தக் கணக்கில் சேரும்?

கடைசியாக ஒரு பேச்சு வரும், அதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். "மனுஷனுக்கே ஆயிரம் பாடு. ஒரு நாய்க்கு இவ்வளவு மெனக்கெட முடியுமா? கொண்டுபோய் விட்டுட்டா வேலை முடிஞ்சுது." வேலை முடியாது, ஐயா; அது ஊர் தலையில் விழும். விடப்பட்ட நாய்க்கு அந்தத் தெருவில் இடமில்லை. அங்கிருக்கும் நாய்கள் விரட்டும், பசி விரட்டும், தடுப்பூசி காலாவதியாகும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் பயந்த நாய் ஒன்று நிற்கும். பயந்த நாய்தான் கடிக்கும். தெருநாய் வழக்கு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1960களிலேயே தொடங்கிய கருத்தடைத் திட்டத்தை மாநகராட்சி 1996இல் ஏற்றது; அதற்குப் பின் நாட்டுக்கே விதிகள் வந்தன, 2023இல் புதுப்பிக்கவும் பட்டன. அத்தனை உழைப்பும், நாம் ஆளுக்கொரு நாயைச் சாலையில் இறக்கிவிட்டால் சல்லடையில் ஊற்றிய தண்ணீர்தான். பசியிலும் தாகத்திலும் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது குற்றம்தான். சட்டமும் அப்படியே சொல்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இத்தனையும் செய்து ஒன்றிரண்டு மாதமாகியும் குறையவில்லையா? இதுவரை இல்லாமல் ஏழெட்டு வயதில் திடீரெனத் தொடங்கியதா? நிறையத் தண்ணீர் குடிக்கிறதா, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விடுகிறதா, மூத்திரத்தில் சிவப்புத் தெரிகிறதா? அப்படியானால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மூத்திரப்பைக் கல், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஆண் நாய்க்கு வரும் புராஸ்டேட் வீக்கம், இவற்றில் எதுவும் இருக்கலாம். முக்கியும் மூத்திரமே வராத ஆண் நாய்க்கு அது உயிர் போகும் அவசரம். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கே தீராததென்றால் சின்னசேலம் தாண்டித் தலைவாசலில் 2021இல் திறந்த கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகம் இருக்கிறது. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் ஒரு வாரக் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாள், எத்தனை மணி, எந்தச் சாமான், சொட்டா குளமா, அதற்கு முன் வீட்டுக்கு வந்தது யார், தெருவில் குரைத்தது எது. முன்வரிசைப் பிள்ளைகளே, அந்தக் கணக்கை வீட்டில் எழுதும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகள் இவையாகத்தான் இருக்கும்.